டிஸ்பென்சரி லயத்து ஆள்

நர்சம்மா, உங்கள் பச்சை ஸ்வெட்டர் இன்று என் உடம்பில் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் டிஸ்பென்சரிக் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்கியது. காலைக் குளிர் தாங்காமல் எடுத்து மாட்டினேன். டெட்டோலும் தைலமும் கலந்த உங்கள் வாசம் அப்படியே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் தந்திருப்பீர்களா? "ஒன் ஒடம்புக்கு ரெண்டு ஸ்வெட்டரைச் சேத்துத் தைக்கணும்டி" என்றிருப்பீர்கள். பொத்தான் பூட்ட முடியவில்லைதான். அது நமக்குள் இருக்கட்டும்.

வாசம் மூக்கில் ஏறியதும் அந்தக் கர்ப்பிணிப் பெண் நினைவுக்கு வந்தாள். ஆப்கானிஸ்தானிலிருந்து உயிருக்குப் பயந்து வந்தவள். நீர்கொழும்பில் வீட்டுக்காரர் வாடகை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட, புருஷனோடு வட்டவளைக் கடைவீதியில் ஓர் அறையில் தங்கியிருந்தாள். ஒரு கிளினிக் நாளில் நம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தனியாக வந்து நம் பெண்களோடு பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள்.

ஆட்களைக் கூப்பிடுவது என் வேலை. வெறும் பேரைச் சொன்னால் எல்லா லெட்சுமியும் எழும்பிவிடுவார்கள், அதனால் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தையும் சேர்த்துத்தான் கத்துவேன். லயமே இல்லாதவளை என்னவென்று கூப்பிட? வெளியாட்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதென்று தோட்டத்தில் உத்தரவு வேறு. நான் கெட்டிக்காரி மாதிரி, "மேக்கணக்கு அஞ்சாம் லயத்து மருமக, உள்ள வாங்க!" என்று தோட்டத்து மேல்பிரிவு லயம் ஒன்றைச் சொல்லி ஒரு போடு போட்டேன்.

"எங்க லயத்துல எனக்குத் தெரியாம யாருடி இவ்வளவு செவப்பா மருமக எடுத்தது?" என்று ஒருத்தி கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அவளும் புரியாமலே சிரித்தாள்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "பொய் லயம் குடுக்காதடி. நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் பொய்யும் அவ தலையிலதான் விழும்."

"அப்ப எந்த லயம்னு கூப்பிட?"

"நம்ம வாசலுக்கு வந்துட்டாள்ல? டிஸ்பென்சரி லயம்."

பிரஷர் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. அவள் கால் வீங்கி, செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. உடனே ஹட்டன் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னீர்கள். அவளுக்கும் கொஞ்சம் சிங்களம் வரும். போனால் விசா கேட்பார்கள், பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள், அங்கே புருஷனைக் கொன்றுவிடுவார்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு மனது கேட்கவில்லை. "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லிருங்கம்மா, வண்டியில ஏறிருவா" என்றேன்.

"தெரியாததச் சொல்லியா ஏத்தச் சொல்ற? நம்பி வந்தவள அங்க பிடிச்சா?"

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னீர்கள்: பிடிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. இப்படியே விட்டால் வலிப்பு வரும், உன் உயிரும் பிள்ளை உயிரும் போகலாம், அது தெரியும். நான் கூட வருவேன், பிள்ளை பிறக்கும்வரை உன்னை விட்டு நகரமாட்டேன். போவதா என்று நீதான் சொல்லவேண்டும்.

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. வாயைத் திறக்கப் போன என்னைத் தொடையில் கிள்ளி அடக்கினீர்கள். கடைசியில் அவளே குனிந்து செருப்பைத் தேடினாள்.

வாசலில் தோட்ட ஆபீசுப் பெரிய கிளாக்கர் நின்றார். "தோட்டத்து ஆளு இல்லையே நர்சம்மா. வழியில ஏதும் ஆனா யாரு பொறுப்பு?"

"நாந்தான் ஐயா."

அவர் தலையைச் சொறிந்தார். "உர லொறி ஹட்டனுக்குப் போகுது. முன் சீட்டுல யாரு ஏறுறாங்கன்னு நான் பாக்கல" என்று தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள், சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை. பெண் குழந்தை. நீங்கள் கசங்கிப்போய்த் திரும்பி வந்ததும், "பாத்தீங்களா, நான் சொன்னதுதானே நடந்துச்சு!" என்று பீற்றிக்கொண்டேன்.

"நடந்துச்சு. ஆனா ஒனக்குத் தெரியாதுல்ல" என்றீர்கள்.

அவர்கள் இப்போது பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறார்களாம். நல்ல ஸ்வெட்டர் இருக்கும்.

இன்றைக்கும் பெஞ்சு நுனியில் முகம் தெரியாத ஒருத்தி. இப்போது புது நர்சு, புது கிளாக்கர். உத்தரவு மட்டும் பழசு. "டிஸ்பென்சரி லயம், உள்ள வாங்க!" என்று கத்தினேன். அவள் எழும்பாமல், தன்னைப் பார்ப்பார்களா என்று சிங்களத்தில் கேட்டாள். பார்ப்பார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, நர்சம்மா. தொடையில் நீங்கள் கிள்ளிய இடம் சுருக்கென்றது.

தெரியாது, கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பொத்தான் பூட்டாத ஸ்வெட்டரோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.