சக்கரம் உன் பெயரில் நின்றது

இன்று காலை நான்காம் ஆண்டு வகுப்பில் சக்கரம் உன் பெயரில் நின்றது.

நீ இணையத்தில் செய்துவைத்த அதே சக்கரம்தான். பிள்ளைகளின் பெயர்களைத் தட்டி, ஆளுக்கொரு நிறத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதிலிருந்த கைதட்டல் ஓசையை எடுத்துவிட்டு உறுமிச் சத்தத்தைப் பதிந்து வைத்தாயே, அது. யார் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கடைசியில் உன் பெயரையும் சேர்த்துக்கொண்டாய். "என்னடி, நீயும் மாணவியா?" என்று கேட்டேன்.

"நான் மட்டும் தப்பிச்சுக்கிட்டா எப்படி? எம்பேரு வந்தா புள்ளைங்க கேக்கட்டும், நான் சொல்றேன். சக்கரம் நின்னா பொய் சொல்லக் கூடாது, அதான் ரூல்ஸ் லா."

ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்துப் பள்ளியில் இணையம் கிடைப்பதே பெரும்பாடு. கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து லைன் பிடிப்பாய். குரங்கு தூக்கிக்கொண்டு போகப்போகிறது என்று கிண்டல் செய்வேன். ஒருநாள் ஒரு பையன், "நீங்க எந்தப் பாடத்துல பெயிலானீங்க டீச்சர்?" என்று கேட்டான். "கணக்குல. ரெண்டு தடவ," என்றாய், கொஞ்சமும் யோசிக்காமல். நீ அவர்களுக்குக் கணக்கு ஆசிரியை! பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

விடுமுறையில் நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனாய். திரும்பி வரவில்லை. இறுதிச் சடங்கெல்லாம் தொலைவில், புந்தோங்கில் உன் வீட்டிலேயே நடந்து முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி எட்டவில்லை. பள்ளி திறந்ததும் உன் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "பரீட்ச முடியட்டும் டீச்சர். அதுவரைக்கும் பாகான் டத்தோவுக்கு மாத்தலாயிட்டாங்கன்னு சொல்லி வைப்போம்," என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

இன்று சக்கரம் நின்றதும் வகுப்பே கைதட்டியது. முன்வரிசை யாழினி எழுந்து, "டீச்சர், அவங்களுக்குப் போன் போடுங்க லா. நாங்க கேக்கணும்," என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"எங்ககிட்ட சொல்லாம ஏன் போனீங்கன்னு."

இந்தப் பெயரை நீக்கவா என்று கேட்டபடி திரையில் ஒரு பெட்டி நின்றது. நீக்கிவிட்டு மறுபடி சுழற்றியிருக்கலாம். பரீட்சையும் நிம்மதியாக முடிந்திருக்கும். ஆனால் உன் ரூல்ஸ் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"டீச்சர் மாத்தலாகிப் போகல. எறந்துட்டாங்க. போகப்போறோம்னு அவங்களுக்கே தெரியாது. அதான் சொல்லல."

யாழினி அழுதாள். நானும்தான் அழுதேன், அவர்கள் முன்னாலேயே. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒருவன், "அப்ப அவங்க பேரு வந்தா யாரு டீச்சர் பதில் சொல்றது?" என்றான்.

"நான் சொல்றேன்," என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

தலைமையாசிரியர் என்னோடு இன்னும் பேசவில்லை. அது போகட்டும். உன் பெயரை நான் நீக்கவில்லை. நாளைக்கும் அது சுழலும். யோசிக்காமல் உண்மையைச் சொல்ல உன்னைப்போல எனக்கு வராது, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் பெயர் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன்.