மழை புகாத பெட்டி

நேற்று ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் பழுதுபார்க்கும் கடையில் அரை மணி நேரம் காத்திருந்தேன். கடைக்காரர் சால்டரிங் கம்பியை வைத்ததும் ஈயம் உருகும் புகை எழுந்தது. உங்கள் வீட்டுச் சமையலறை மேடை கண்முன் வந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உங்கள் வேலையும் நடக்கும். தோசை மாவில் ஈயம் தெறிக்கிறது என்று உங்கள் மனைவி பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார்.

நீங்கள் இறந்து நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. இதை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நாம் பழகினோம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மின்மீட்டர் ஆலையின் சோதனைப் பிரிவில் இருந்தீர்கள். வெளிநாட்டில் யாரோ வடிவமைத்து, எவரும் பார்த்துச் செய்யலாம் என்று வரைபடத்தையே பொதுவில் விட்டுவிட்ட ஒரு சின்ன மின்னணு போர்டைப் பெங்களூரில் தேடி வாங்கி வந்தீர்கள். அதோடு உடல் சூடு நகர்ந்தால் உணரும் ஒரு சென்சார், ஒரு கடிகாரம், ஒரு மெமரி கார்டு, வேலை செய்வதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு. தளிக்கு அப்பால் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும் தடத்தில், எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துப் புளியமரத்தில் கட்டினீர்கள். யானை கடந்தால் நேரம் பதிவாகும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கார்டை எடுக்க உங்கள் வண்டியின் பின்னால் நானும் வருவேன். பக்கத்து ராகிக் கொல்லைக்காரி முனியம்மா முதல் நாளே உங்களைக் கேலி செய்தாள். “ஏம்ப்பா, ஆனைய எண்றியே, எங்கூட்டு ராகிய யாரு எண்றது?” மூன்று மாதப் பதிவை நோட்டில் கட்டம் போட்டு எழுதிய பிறகு, காலை ஆறு மணிக்கு முன்னால் கொல்லைக்குப் போக வேண்டாம், ஆறுக்குள் யானைகள் காடேறிவிடுகின்றன என்று அவளிடம் சொன்னீர்கள். அதன்பின் அவள் கேலி செய்ததில்லை. வாரா வாரம் நேரம் கேட்டாள்.

இதை எங்கள் நாளிதழில் செய்தியாக்க நான்தான் கேட்டேன். நீங்கள் ஒரு தாளில் முழு இணைப்பையும் வரைந்து கொடுத்தீர்கள். “பேரு எதுக்கு சார், இந்தப் படத்தப் போடுங்க. பாத்து எவனாவது செய்வான்லா” என்றீர்கள்.

ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் தொழில் பழக்கம். பெட்டியைப் பற்றிக் கேட்டபோது இரண்டு முறை பேச்சை மாற்றினீர்கள். மூன்றாம் முறை, ஆலையில் கழித்துப்போட்ட மீட்டர் உறை, குப்பைக்குப் போகிறதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்றீர்கள். “இதெல்லாமா எழுதணும்?” என்று கேட்டீர்கள். விவரம் துல்லியமாக இருந்தால்தான் வாசகன் நம்புவான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்தது. உங்கள் பெயர், புகைப்படம், மீட்டர் உறை எல்லாம் இருந்தன. வரைபடம் இல்லை. இடமில்லை, படம் யாருக்கும் புரியாது என்றது அலுவலகம். நான் வாதாடவில்லை.

ஆலைகளில் ஆர்டர் குறைந்து, ஆளைக் குறைக்கக் காரணம் தேடிய மாதங்கள் அவை. கேட் பாஸ் இல்லாமல் பொருளை வெளியே கொண்டுபோனதாக உங்கள் மேல் விசாரணை வைத்தார்கள். என் செய்தியின் நகலைச் சான்றாக இணைத்திருந்தார்கள். கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த தொழிலாளர் துறை அதிகாரியிடம் போனேன். எழுதியது தவறா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

வேலை போய், ஊர் திரும்ப நீங்கள் சாமான்களை ஏற்றிய அன்று வந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வந்தவன், ஏதேதோ விளக்கம் சொன்னேன். கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்: “நீங்க என்ன பொய்யா சார் எழுதுனிய?”

இல்லை என்றேன்.

“அப்புறம் என்ன. விடுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புளியமரத்துப் பெட்டி மட்டும் அங்கேயே இருந்தது. சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது முனியம்மா வண்டியை மறித்தாள். உங்களைக் காணோமே என்றாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றாள். பிறகு, “இப்ப எத்தன மணிக்குப் போறது?” என்று கேட்டாள். இருட்டு விலகிய பிறகு போ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் இருவருக்குமே அது பதில் இல்லை என்று தெரியும்.

நீங்கள் வரைந்து கொடுத்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. நேற்று வீடு திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். அந்த நாளில் அதை நான் முழுதாகப் படிக்கவில்லை. கோடுகளுக்குக் கீழே பாகங்களின் பட்டியல் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. போர்டு, சென்சார், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் அளவும் கிடைக்கும் இடமும் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி வரி: “பெட்டி: எதுவானாலும் சரி, மழை புகாமல் இருந்தால் போதும்.”