டார்க்ஃபைபர் எழுதிய புகார்கள்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் ஒரு நன்றிக் கடிதம். அவளுக்குத்தான். எங்கோ ஒரு தீவிலிருந்து யாரோ எழுதியிருக்கிறார். என் மனைவி எழுதிய 'மினுக்கு' என்ற சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் அவர்கள் ஊருக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை லைன் படுத்தே போயிருக்குமாம். ஒளி குறைந்துகொண்டே வருவதை முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிட்டதாம். காபியை ஆற்றிக்கொண்டே படித்துக் காட்டினாள். "கேக்குறீங்களா?" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காது இரண்டும் நன்றாக வேலை செய்கிறதே, என்ன பண்ண.

மினுக்கு அப்படி என்ன பெரிய விஷயம்? ஒவ்வொரு நெட்வொர்க் சுவிட்சிலும் செருகியிருக்கிற, இழை வழியாக ஒளியை அனுப்பி வாங்குகிற ஆப்டிகல் மாட்யூலிடம் உனக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்று கேட்கும். வந்த எண்ணைக் கோடாக வரையும். கோடு இறங்கினால் கத்தும். அவ்வளவுதான். இலவசம் வேறு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். அந்த மாட்யூல்களோடு இத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். "எல்லா லைனோட வெளிச்சத்தையும் ஒரே இடத்துல பார்க்க முடிஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்" என்று சாப்பாட்டு மேசையில் புலம்பியவனும் நான்தான். அவள் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். புலம்பல் என்னுடையது, நன்றிக் கடிதம் அவளுக்கு. நல்லா இருக்கு நியாயம்.

ஜூன் 5, வியாழன்

அவள் தம்பி போன் செய்தான். "அத்தான், அக்கா கலக்குறா போல?" என்றான். ஆமாம், கலக்குகிறாள். என் வயிற்றை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஆபீஸில் மேனேஜர் எங்களையெல்லாம் பெரிய திரை முன்னால் உட்கார வைத்தார். "இனிமே நம்ம லைன் மொத்தத்தையும் இதுலதான் பார்க்கப் போறோம்" என்று திறந்து காட்டினார். மினுக்கு!

"யாரோ ஒரு லேடி ஒத்தை ஆளா எழுதினதாம். நீங்களும்தான் இத்தனை வருஷமா மாட்யூலக் கட்டிக்கிட்டு அழறீங்க, உங்க ஒருத்தருக்கும் தோணலையே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது என் மனைவி சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

ஏன் என்று தெரியும். பொறாமை. எழுதிவிட்டேன். பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் என்று இன்னொருத்தனைப் பற்றிக் கேள்விப்பட்டால் தூ என்று துப்புகிற ஆள்தான் நானும்.

ஜூன் 11, புதன்

செய்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில், ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து.

மினுக்குக்கென்று இணையத்தில் இருக்கிற பக்கத்தில் யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். சொந்தப் பெயர் தேவையில்லை. 'டார்க்ஃபைபர்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். ஒளி எதுவும் ஓடாமல் சும்மா மண்ணுக்குள் கிடக்கிற இழையை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அங்கே எல்லாமே ஆங்கிலம். அதனால் என் நடையும் பிடிபடாது.

"எல்லா மாட்யூலுக்கும் ஒரே எச்சரிக்கை அளவா? பக்கத்து அறைவரை போகிற மாட்யூலும் எண்பது கிலோமீட்டர் போகிற மாட்யூலும் ஒன்றா? இதை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு மாட்யூலையாவது கையால் தொட்டிருக்கிறாரா?"

கடைசி வரி தேவையே இல்லை. அதைத்தான் ரசித்து எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

அவளுடைய வாடிய முகத்தைப் பார்க்கலாம் என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். முகமெல்லாம் பல்!

"ஒருத்தர் செம திட்டு திட்டியிருக்காருங்க. ஆனா அவர் சொல்றது அத்தனையும் சரி. இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?"

பதிலும் போட்டுவிட்டாள். "தொட்டதில்லை. தொட்டவர் நீங்கள். சொல்லிக்கொடுங்கள்." முன்பின் தெரியாதவனிடம் எவ்வளவு பணிவு! என்னிடம் இப்படி ஒரு நாளாவது கேட்டிருப்பாளா?

கேட்டாள். ஆரம்பத்தில் தினமும்தான் கேட்டாள். "களைப்பா இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று டிவி முன்னால் காலை நீட்டியவன் நான். சரி, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 18, புதன்

இரண்டாவது புகார். மைனஸ் பத்தையும் மைனஸ் இருபதையும் கூட்டிப் பாதியாக்கி மைனஸ் பதினைந்து என்று காட்டுகிறது மினுக்கு. ஒளியை அளக்கிற டெசிபெல் மடக்கைக் கணக்கு, அதை அப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. மில்லிவாட்டுக்கு மாற்றித்தான் எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் மைனஸ் பன்னிரண்டரை பக்கம் வரும். இந்தத் தடவை திட்டவில்லை. மறந்துவிட்டேன் போலிருக்கிறது. உட்கார்ந்து கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். எழுதும்போது சுகமாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

இப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், அவள், டார்க்.

"டார்க் என்ன சொல்றார்னா..." சாப்பிடும்போது டார்க். துணி மடிக்கும்போது டார்க். சொல்றார், கேக்குறார், வருத்தப்படுறார் — மரியாதை வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல்? என் மேல்தான். ஆனால் அவன் மேல் என்றுதான் தோன்றித் தொலைக்கிறது.

இன்று நானே வாயைத் திறந்து சொன்னேன்: வெயில் ஏறினால் மதியத்தில் ஒளி லேசாக இறங்கும், சாயங்காலம் தானாக ஏறிவிடும், அதற்கெல்லாம் மினுக்கு கத்த வேண்டாம் என்று. "அப்படியா? எதுக்கும் டார்க்கை ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றாள்.

கேட்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதில் எழுதினேன். "இதைச் சொன்னவர் யாரோ விவரமான ஆள். அவர் பேச்சைக் கேளுங்கள்."

வெளியே வந்தபோது என்னை ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் குளியலறையில் பட்ட பாடு! வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. சீ.

ஜூலை 2, புதன்

"டார்க்கைக் கூட்டாளியா சேர்த்துக்கலாம்னு இருக்கேங்க. என்னை மாதிரியே அவரும் நேரடியா மினுக்குக்குள்ள கை வைக்கலாம். என்ன சொல்றீங்க?"

"வேண்டாம்" என்றேன். "முரட்டு ஆளு. எடுத்த எடுப்புல திட்டினவன்தானே."

"திட்டட்டுமே. வயித்தெரிச்சல் இல்லாம திட்டுறார். அப்படி ஒரு ஆள் கிடைக்கிறது லேசு இல்ல."

வேண்டாத குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க அந்தப் பக்கமே வர்றதில்ல. குத்தம் சொல்லலைங்க. ஆனா பேச யாராவது ஒருத்தர் வேணும்ல?"

பதினெட்டு வருடக் கல்யாணம். என் இடத்தை ஒருத்தனுக்குக் கொடுக்கப் போகிறாள். அந்த ஒருத்தனை நான்தான் கூட்டி வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

டார்க்கை வீடியோவில் பேச அழைத்திருக்கிறாள். ஞாயிறு காலை. முழி பிதுங்குகிறது.

ஜூலை 6, ஞாயிறு

தலை சீவி, நீலச் சேலை கட்டி, மேசையைத் துடைத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளில் கேள்விகள் வேறு. எனக்காக இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாச்சு என்று அப்போதும் வயிறு எரிந்தது பார், அதுதான் என் லட்சணம்.

கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? குரலை மாற்றலாமா? வேறு வேலைக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று டார்க் பெயரில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாமா? அதை எழுதியே விட்டேன். அனுப்பவில்லை. கதவருகே நின்று பார்த்தேன். இன்னும் வரவில்லையே என்று திரையைப் பார்ப்பதும் கேள்விகளைப் படிப்பதுமாக இருந்தாள்.

"அவன் வரமாட்டான்" என்றேன்.

"ஏன்?"

"நான்தான் அது."

சிரிப்பாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். திரையில் டார்க்கின் புகார்களைத் திறந்து ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எல்லாமே நீங்களா?"

"எல்லாமே."

"மாட்யூலைத் தொட்டிருக்காளான்னு கேட்டது?"

"நான்தான்."

"நேர்ல சொல்றதுக்கு என்ன?"

"வயித்தெரிச்சல்டி. சொல்லித்தான் ஆகணும்னா அதுதான்."

லேப்டாப்பை மூடினாள். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

பேச்சில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பேச்சில்லை. மினுக்கு பக்கத்தில் மட்டும் புதிதாக ஓர் அறிவிப்பு. டார்க்ஃபைபருக்கு இனிப் பதில் இல்லை. மற்றவர்களுக்கு வரிசைப்படி பதில் உண்டு.

ஜூலை 9, புதன்

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், அந்த லேடி என் வீட்டுக்காரி என்று. "யோவ், இதை இத்தனை நாள் ஏன்யா மறைச்சே?" என்றார். அசடு வழிந்தேன். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள். பாதி குலுக்கலில் சிரிப்பு இருந்தது.

அப்புறம் மாடிப்படிக்குப் போய் என் சொந்தப் பெயரில், என் படத்தோடு, ஒரு புகார் பதிந்தேன். ஒளி இறங்கினால் மினுக்கு கத்துகிறது, ஏறினால் கண்டுகொள்வதே இல்லை. தூசி படிந்த இழைமுனைக் கனெக்டரைத் துடைத்துவிட்டு நிற்கிறவனுக்குத் துடைத்தது பலித்ததா என்று எப்படித் தெரியும்? கீழே இதையும் எழுதினேன்: "எழுதியவர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. புகார் அதனால் எழுந்தது அல்ல." உலகமே படிக்கும். படிக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

எனக்கு முன்னால் வரிசையில் நிறையப் பேர். தினமும் வேலை முடிந்து வந்து ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதுகிறாள். ஒருத்தனுக்கு ஒரு முழுப் பக்கம்! படம் வேறு வரைந்து! அவன் யார், அவனுக்கு அவ்வளவு என்ன விளக்கம்? டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன். குடித்தாள். நிமிரவில்லை.

"என்னுது எப்போ?" என்று கேட்டேன்.

"வரிசையில இருக்கு" என்றாள். எட்டு நாளில் முதல் பேச்சு.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து குரல் வந்தது.

"அடுத்தவர்!"

எழுந்து போனேன். என் புகார் திரையில் இருந்தது. கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"லாக் எங்க? மாட்யூலோட பதிவு இல்லாம நான் யாரோட புகாரையும் எடுக்கறதில்ல."

ஓடிப் போய் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்து வந்தேன். நின்றுகொண்டே நீட்டினேன். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த தாள்களை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உட்காருங்க. எந்த லைன் இது? முதல்லேர்ந்து சொல்லுங்க."