பேசியது நீ, அச்சில் வேறு பெயர்

நம் தகரப் பெட்டித் தொழிற்சாலையின் பொன்விழா மலரில் உனக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். வெட்டு மெஷினுக்குக் கம்பித் தடுப்பு வேண்டும் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளிக்கு விளக்கிக் காட்டியவர் நம் மேற்பார்வையாளராம். இருபத்தோராம் பக்கம், அவர் படத்தோடு. மலர் நேற்றுத் தபாலில் வந்தது, பிரித்தால் இன்னும் புது மை வாசனை. நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மறுக்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். நான் இருக்கிறேன்.

முதலில் பேசப் போனவன் நான்தான், அதை மறைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் காட்டூர் படிப்பகத்தில் நானாகப் படித்தது. அந்தக் காலத்தில் பேச்சு என்றால் நமக்கு மேடைப் பேச்சுதான் தெரியும். அடுக்குமொழியில் ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதலாளி பத்து நிமிஷம் கொடுத்திருந்தார். 'பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களே, மேற்பார்வையாளர் அவர்களே' என்று தொடங்கி, அறையில் இல்லாதவர்களையும் விளித்து, உழைப்பின் பெருமையைச் சொல்லி நான்காம் பக்கம் வருவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "நல்லாப் பேசறீங்க. மனு இருந்தா வெச்சிட்டுப் போங்க" என்றார். தடுப்பு என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "ஏன்யா, கல்யாணத்துல வாழ்த்து மடல் வாசிக்கவா போனே?" ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை.

அந்த மாதமே நம்மோடு வேலை பார்த்த வையம்பட்டிக்காரருக்கு அந்த மெஷினில் வலது கை விரல் இரண்டின் நுனி துண்டாகிப் போயிற்று. என் ஏழு பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. "அடுத்த தடவை நான் பேசறேன். நீ தகடு எடுத்துக் குடு" என்றாய்.

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்கு வடக்கே கொள்ளிட மணலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். நான் முதலாளியாக நின்றேன். பதினைந்து வாக்கியம் தயார் செய்திருந்தாய். மூன்றாம் ஞாயிறு வந்தபோது அதில் ஐந்துதான் மிச்சம். நான் ஒரு நல்ல உவமை கொடுத்தேன், வேண்டாம் என்றாய். "உக்காந்து கேக்கறது வேற, நின்னுகிட்டுக் கேக்கறது வேற. அவரு மெஷின்கிட்ட நின்னுகிட்டுதான் இருப்பாரு. ரெண்டு நிமிஷத்துல காலு மாத்துவாரு. அதுக்குள்ள அவரு கைக்கு ஒரு வேலை குடுத்துடணும்."

பேச வேண்டிய நாள் வந்ததும் கரண்டை நிறுத்தி, கத்தி இறங்காதபடி கட்டை கொடுத்துவிட்டு முதலாளியை அழைத்தாய். மேற்பார்வையாளர் வாசல் பக்கம் நகர்ந்து நின்றார். "உங்க பாடு. நான் எதையும் பார்க்கலை" என்றார். அவர் அன்று பேசியது அவ்வளவுதான். கத்தி விழும் கோட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவியிருந்தாய். "ஐயா, இந்தத் தகட்டையெல்லாம் நீங்களே ஒண்ணொண்ணா உள்ளே தள்ளிப் பாருங்க."

முதல் இரண்டு தகட்டுக்கு அவர் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். மூன்றாவது கோணிக்கொண்டது. நேராக்கக் கை தானாக உள்ளே போயிற்று.

"கையைத் திருப்பிப் பாருங்க ஐயா."

இரண்டு விரல் நுனியில் வெள்ளை.

"வெள்ளை பட்ட வரைக்கும் விரல் இருக்காதுங்க. வையம்பட்டிக்காரருக்கும் அதே இடந்தான். ஒரு கம்பித் தடுப்பு போதும்."

அதற்குப் பிறகு நீ வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ என் காலை மிதித்தாய். முதலாளி சுண்ணாம்பைத் துடைக்காமலே ஆபீசுக்குப் போனார். மொத்தம் நான்கு நிமிஷம். அந்த வாரமே தடுப்பு வந்தது.

"விரல் இருக்குல்ல, விடுய்யா" என்று, பெயர் யாருக்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் பிற்பாடு சொல்வாய். உனக்குப் பெருந்தன்மை உண்டு, எனக்குக் கிடையாது. மலர்க் குழுவின் செயலாளருக்குப் போன் செய்தேன். "பெரியவரே, ரெண்டு பேருமே இப்ப இல்லை. இனிமே எதுக்குங்க?" என்றார். "இல்லாதவங்கள்ல ஒருத்தருக்குப் படம் போட்டிருக்கீங்களே" என்றேன். வைத்துவிட்டார்.

உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது ஒன்றுதான். யாரிடம் எதைக் கேட்கப் போனாலும், நான் என்ன சொல்வது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறேன். அவர் எங்கே நிற்பார், எதைப் பார்ப்பார் என்பது முதலில்.

இனி ஆக வேண்டியவை. குழு, திருத்தம் அச்சிட்டு, மலர் போன எல்லா வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். மேற்பார்வையாளரின் மகன், அப்பா எழுதிவைத்தது என்று குழுவிடம் கொடுத்த தாளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய தொழிலாளர் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். உன் மகள், 'அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது மாமா' என்பதை நிறுத்திவிட்டு உன் படம் ஒன்றைத் தர வேண்டும். வையம்பட்டிக்காரர் முழங்கால் வலியைச் சொல்லித் தப்பிக்காமல் வர வேண்டும். நான், அந்தக் கூட்டத்தில் எழுந்து, வையம்பட்டிக்காரரின் வலது கையைப் பிடித்து இருபத்தோராம் பக்கத்தின் மேல் வைத்து, உன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.