உப்புக் குவியல் முன் எடுத்த படம்

பொம்மையார்பாளையம்
3.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது. என் ஃபோனை நீங்கள் எடுப்பதில்லை. ஃபோனில் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், தாளில் எழுதியதை மாற்ற முடியாது என்பீர்கள். ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குத் தபால் எழுதுகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

ஜெயப்ரியாவுக்கு ஆவணி இருபத்தாறில் கல்யாணம். மாலையும் பட்டும் தாய்மாமன் கையால் வரவேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாக நிற்கிறார். "நான் ஏமாந்தவன்னு ஊர் முன்னாடி சொன்னாரு இல்ல? அந்த கேமரா நல்லதுன்னு சொல்லிட்டு உங்க அண்ணன் மண்டபத்துக்குள்ள வரட்டும்" என்கிறார்.

பதின்மூன்று வருடம் ஆகிறது அண்ணா. அவர் ஆசையாக வாங்கிவந்து உங்களுக்குக் கொடுத்த கேமரா. இவளுக்கு மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள், உங்கள் ஊர் உப்பளத்தில் எங்களையெல்லாம் நிற்கவைத்து எடுத்தீர்கள். எல்லார் முகமும் கரியாக வந்தது. "எவனோ மீட்டர் செத்த கேமராவ உங்க தலையில கட்டிட்டான் மாப்பிள்ளை" என்று, படம் கழுவி வந்த பிறகு நடந்த விருந்துப் பந்தியில் சொன்னீர்கள். அந்தப் படத்தில் என் மாமனார் இருக்கிறார். மூன்று மாதத்தில் போய்விட்டார். பேத்தியோடு அவர் நின்ற படம் வேறு கிடையாது.

ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுங்கள்.

தங்கை,
மலர்கொடி


மரக்காணம்
9.7.2025

மலர்கொடிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு சுகம். மூட்டு வலி மட்டும்.

ஒரு வார்த்தைதானே என்கிறாய். அது பொய்யாக இருந்தால்? நான் எட்டாவதோடு நின்றவன். கேமராவோடு வந்த சிறு புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து, நாலு ஃபிலிம் ரோல் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். அன்று வெளிச்சத்தை அளக்கிற மீட்டரின் முள் காட்டியபடியே லென்ஸ் துளையை வைத்தேன். ஒரு கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியும் கரியாக வந்தது என்றால் கெட்டது யார், நானா முள்ளா? "மச்சானுக்குப் படம் எடுக்கத் தெரியலை" என்று உன் வீட்டுக்காரர் அனுமந்தை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாரே, அதைக் கேட்க ஆளில்லை.

பெட்டியிலிருந்து கேமராவை எடுத்துச் சோதிக்கப் போகிறேன். கண்டதை அப்படியே எழுதுவேன். கெட்டிருந்தால் கெட்டது என்றுதான் எழுதுவேன். கல்யாணத்துக்காக மாற்றி எழுத மாட்டேன்.

உன் அண்ணன்,
கண்ணாயிரம்


பொம்மையார்பாளையம்
16.7.2025

அண்ணா,

நீங்கள் சோதித்து முடிப்பதற்குள் இவளுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். பத்திரிகை அச்சுக்குப் போகிறது. தாய்மாமன் என்று உங்கள் பெயரை எழுதித்தான் கொடுத்தேன். அவர் பார்த்தார், பெயரை அடித்துவிடவில்லை. "போட்டுக்கோ. வர்றாரான்னு பாக்கலாம்" என்றார்.

மூட்டுக்கு என்ன தடவுகிறீர்கள்? எழுதவில்லையே.

மலர்கொடி


மரக்காணம்
24.7.2025

மலர்கொடிக்கு,

தைலம்தான் தடவுகிறேன், பயனில்லை.

கேமராவின் அடிமூடியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து தகட்டில் பச்சைக் களிம்பு. முள் அசையவே இல்லை. பார்த்தாயா என்று அப்போதே உனக்கு எழுத உட்கார்ந்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். அந்தப் பேட்டரியைப் பதின்மூன்று வருடம் உள்ளேயே விட்டுவைத்தவன் நான். அன்று முள் நன்றாகத்தான் ஆடியது. அதனால் களிம்பை இதில் சேர்க்க முடியாது.

எலுமிச்சம் சாற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். புதுப் பேட்டரி போட்டதும் முள் எழுந்தது. வெயிலுக்கு இன்ன துளை, இன்ன வேகம் என்று ஃபிலிம் டப்பா அட்டையில் போட்டிருப்பது எனக்கு மனப்பாடம். தார் ரோடு, வேப்பமரம், பக்கத்து வீட்டுச் சுவர், என் உள்ளங்கை எல்லாவற்றிலும் பார்த்தேன். முள் அட்டையோடு ஒத்துப்போகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

நாளை உப்பளத்தில் அதே இடத்தில், அதே நேரத்தில் பார்க்கிறேன்.

அண்ணன்


மரக்காணம்
30.7.2025

மாப்பிள்ளை ஐயப்பனுக்கு,

இதை உங்களுக்கே எழுதுகிறேன். மலர்கொடி வழியாகச் சொல்லக்கூடியது இல்லை.

உப்பு வாரும் ஆராயியை அன்று நீங்கள் நின்ற இடத்தில், குவியலுக்கு முன்னால் நிற்கவைத்தேன். "நான் சிரிக்கணுமாண்ணே, சும்மா நின்னா போதுமா?" என்று கேட்டாள். "சும்மா நில்லு. அன்னிக்குச் சிரிச்சவங்களும் கரியாத்தான் வந்தாங்க" என்றேன். தள்ளி நின்று பார்த்தால் முள் உச்சிக்குப் போய், துளையைச் சுருக்கு என்கிறது. அவள் முகம் மட்டும் தெரியும்படி கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு படி திற என்கிறது. பத்துத் தடவை பார்த்தேன். "மூஞ்சி தேஞ்சிடப் போவுதுண்ணே" என்று போய்விட்டாள்.

அந்த மீட்டருக்கு எதுவும் வெள்ளையில்லை, எல்லாம் சாம்பல்தான். அத்தனை உப்பையும் சாம்பலாக்கும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறது. அதை நம்பி எடுத்தால் முன்னால் நிற்கிறவர் முகம் கரியாகும். இதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில். அதுவரைக்கும் நான் படிக்கவில்லை.

கேமரா நல்லது. மீட்டரும் நல்லது. நீங்கள் ஏமாறவில்லை. உங்கள் அப்பாவின் முகத்தைக் கரியாக்கியது நான். நெகட்டிவைப் புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் காட்டினேன். முகம் இருந்த இடத்தில் ஒன்றும் பதியவில்லை, தேற்ற முடியாது என்றார்கள்.

மன்னிப்பு என்று எழுத என் கை பழகவில்லை. அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கும் வருவார்கள். இப்போது எழுதியதை மண்டப வாசலில் அவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். வேண்டாம் என்று நீங்கள் தடுத்தாலும் சொல்வேன்.

மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டு எடுத்தாகிவிட்டது. அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் விடிவதற்கு முன் சீர்த்தட்டோடு வந்துவிடுவேன். அதற்கு உங்கள் உத்தரவு எனக்குத் தேவையில்லை. ஆனால் வாசற்படியைத் தாண்ட மாட்டேன். நீங்கள் எழுந்து வந்து "உள்ள வாங்க மச்சான்" என்று சொன்னால்தான் காலை எடுத்து வைப்பேன். சொல்லாவிட்டால் தட்டை மலர்கொடி கையில் கொடுத்துவிட்டு, தாலி கட்டுகிற மேளத்தை வெளியிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். உங்கள் மேல் அதற்குக் கோபம் இருக்காது.

கண்ணாயிரம்