ஓராண்டுக்கு மட்டும்

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

இன்று மைக்கைப் பிடுங்கி நான் சொல்லாதது: எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைக்கவில்லை. அங்கே தங்கி ஒரு வருடம் வேலை தேடிக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

அம்மாவின் தம்பி பேயாண்டி மாமா வீட்டில் காதுகுத்து. சீர்த் தாம்பாளத்தோடு நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாமாவே மைக்கில் முழங்கினார்: "வழி விடுங்கப்பா! விளாங்குடி நல்லகாமன் மச்சான் வீட்டுச் செய்முறை வருது! கூட வர்றது என் அக்கா மக தமிழ்வாணி, ஜெர்மன் கம்பெனி இன்ஜினியரு!" வெளியே வேட்டு வெடித்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். அதை யாரும் மைக்கில் சொன்னதில்லை.

அப்பாவிடம் விளக்கமாகத்தான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் தேடுவது செய்தி இல்லை, கிடைப்பதுதான் செய்தி.

15 செப்டம்பர்

தங்கை மீனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ராம்கி நல்ல மாதிரி, மீனாவுக்குப் பிடித்துவிட்டது. மூத்தவள் இருக்க இளையவளுக்கு ஏன் முதலில் என்று அவர் அம்மா கேட்டார்.

"பெரியவளுக்கு ஜெர்மன்ல வேலை. இப்பக் கல்யாணம் வேணாங்குறா" என்றார் மாமா.

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. "அம்புட்டுத் தூரம் போற பிள்ளை, எங்களை மறந்துராத தாயி."

மீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே என்ற பார்வை.

16 செப்டம்பர்

மாமாவைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். சிரித்தார். "அட கிறுக்கு, உள்ள விட்டவன் வேலை குடுக்க மாட்டானா? சம்பந்தக்காரங்க முன்னாடி வாயத் தொறந்து உன் தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்றாத."

2 நவம்பர்

நாளை பயணம். பெட்டிக்குள் பருப்புப்பொடி போனது, மூன்று நாவல்கள் வெளியே வந்தன. "வேலைக்குப் போற பிள்ளைக்குப் படிக்க ஏது நேரம்?" என்றாள் அம்மா.

9 பிப்ரவரி 2025 — டோர்ட்முண்ட்

மீனாவின் கல்யாணத்தைப் போனில் பார்த்தேன். நாளை எனக்கு ஒரு நேர்காணல். விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மாமா திரையை மறைத்துக்கொண்டு கத்தினார்: "லீவு தர மாட்டேங்குறானா உன் மொதலாளி? குடு போனை, நான் பேசுறேன்!"

முதலாளியா? பேக்கரியில் பகுதிநேரமாகத் தட்டுக் கழுவுகிறேன். அனுமதியில் அதற்கு மட்டும் இடமுண்டு.

17 ஜூன்

'மொழி இன்னும் கொஞ்சம் கைவந்த பிறகு பார்க்கலாம்.' அதே பதில், வேறு கம்பெனி.

12 அக்டோபர்

அடுத்த மாதம் அனுமதி முடிகிறது. மீனாவிடம் மட்டும் சொன்னேன்.

"அக்கா, இப்ப வீட்டுக்கு வராத. முழுகாம இருக்கேன். வளைகாப்பு முடியட்டும். எங்க அத்தை ஊரெல்லாம் உன்னையச் சொல்லித்தான் பெருமையடிக்கிறாங்க."

சரி என்றேன்.

வராதன்னா நான் எங்கடி போவேன்? — கேக்கல. வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

23 நவம்பர்

மதுரைதான். கே.கே. நகரில் பெண்கள் விடுதி. வெளியே போகும்போது முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்கிறேன். வெயிலுக்கு இங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் வேலை. அங்கே போதாத மொழி இங்கே போதுகிறது.

அம்மா கூப்பிட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு எடுத்தேன்.

"பஸ்ஸு ஆரன் மாதிரி கேக்குதே?"

"டிவிம்மா."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

6 டிசம்பர்

விளாங்குடி பஸ்ஸில் ஏறினேன். பாதியில் இறங்கிவிட்டேன்.

1 பிப்ரவரி 2026, ஞாயிறு

மீனாவுக்கு இன்று வளைகாப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்தேன். மாமா ஒவ்வொரு முகமாகக் காட்டினார். அப்பா கையை மட்டும் ஆட்டினார், மெலிந்திருக்கிறார். மீனாவின் மாமியார் எட்டிப் பார்த்து, "அங்க ரொம்பக் குளுரா தாயி?" என்றார்.

"ஆமா அத்தை." முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தபின் மீனாவிடமிருந்து செய்தி: 'பிள்ளை பெறந்து பேர் வைக்கிற வரைக்கும்க்கா. அதுக்கப்புறம் நானே சொல்லிர்றேன்.'

கீழே போய், அறையை ஜூன் வரை நீட்டித்துத் தரும்படி வார்டனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.