மூன்றாவது பட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதே. சின்னவனை மருந்துச் சோதனையில் சேர்க்கும் ஒப்புதல் படிவத்தை அப்படியே எடுத்து வை. வீட்டிலேயே ஒரு விஞ்ஞானி இருக்கும்போது என்ன பயம் என்று அத்தான் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த விஞ்ஞானிதான் வேண்டாம் என்கிறேன். போனில் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறையும் நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

உன் சின்னவனுக்கு என்ன கோளாறு என்று உனக்குத் தெரியும். ஒரு நொதி. வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் கடத்திவிட்டு அது அடங்க வேண்டும். அவன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அடங்குவதில்லை. வளர், வளர் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கழுத்தில் அந்தக் கட்டிகள். எங்கள் மருந்து அதை அடக்கும் என்று உன்னிடம் சொன்னவளும் நான்தான்.

அதற்கு ஆதாரம் ஒரு படம். மூன்று பட்டைகள். நொதி துள்ளினால் பட்டை கறுக்கும், அடங்கினால் வெளிறும். முதலாவது நோயில்லாதவரின் செல். இரண்டாவது நோயுள்ள ஒரு குழந்தையுடையது, கறுப்பு. மூன்றாவது, அதே குழந்தையின் செல்லில் மருந்து சேர்த்த பிறகு. வெளிறல். இதைக் காட்டித்தான் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கினார்கள்.

நேற்று எங்கள் ஆய்வுக் கட்டுரை வெளியானது. கேக் வெட்டினோம். கட்டைவிரல் அளவில் எத்தனையோ முறை பார்த்த படத்தைச் சுவர் முழுக்கக் காட்டினார்கள். முதல் பட்டையின் இடது ஓரத்தில் பிறை போல ஒரு வெள்ளைத் தழும்பு. புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லின் மேல், பட்டைகள் பதியும் சவ்வை வைத்தபோது நான் உருட்டி வெளியேற்ற மறந்த காற்றுக்குமிழி. மூன்றாவதன் வலது ஓரத்திலும் அதே பிறை.

முதல் பட்டையையே இடவலமாகத் திருப்பி மூன்றாவதன் இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

அந்த நோயில்லாதவர் யார் தெரியுமா? நான். மற்றவர்களுக்கு ஊசி என்றாலே ஆகாது, அதனால் என் கையில்தான் ரத்தம் எடுத்தோம். குணமான குழந்தையின் செல் என்று ஊருக்கெல்லாம் காட்டுவது என் ரத்தத்தை.

சவ்வைப் படமெடுத்துக் கட்டுரையில் சேர்த்த எங்கள் பேராசிரியரைத் தனியே கேட்டேன். உண்மையான மூன்றாவது பட்டை கறுப்பாகவே வந்ததாம். மறைக்கக்கூட இல்லை. "ஒரு தடவை சரியா வரலைன்னா மருந்தே தப்புன்னு ஆயிடுமா? படம் பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமாம்மா?" என்றார். உதட்டோரத்தில் கிரீம். பேசும்போது அது அசைந்தது.

என் வாயிலும் ஒரு துண்டு இருந்தது. துப்பவில்லை, அக்கா. விழுங்கினேன். தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அவரைவிட அதுதான் இன்று அருவருப்பாக இருக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை பல் தேய்த்துவிட்டேன்.

வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்காதே. இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். அவன் கழுத்தை நாளுக்குப் பத்துத் தரம் தொட்டுப் பார்க்காதே, பயந்துவிடுவான். என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும். அவனை மட்டும் இங்கே அனுப்பிவிடாதே.

உன் தங்கை.

கடிதத்தைக் கூரியரில் சேர்த்துவிட்டு, ஆய்வகக் கணினியில் இருந்த திருத்தாத மூலப் படத்தை நகலெடுத்துக்கொண்டு, மருந்துக்கு அனுமதி தந்த குழுவின் அலுவலகத்துக்கு அவள் நடந்தாள்.